மாநாட்டுப் பந்தலும் மலையூர்த் தாயும்

சொந்த ஊரை விட்டுப் பெயர்ந்து, பம்பாயிலோ தில்லியிலோ கல்கத்தாவிலோ குடியமர்ந்திருக்கும் தமிழன்பர்களுக்கு, ஊர் பெயராமலே வேற்று மாநிலத்தவராகிவிட்ட சில தமிழரின் கதை வியப்பாகத் தோன்றலாம். காவிரி, ஒகேனக்கல்லில் பாறைகளைப் பிளந்து கொண்டு விழுவதற்குச் சற்று மேற்கே, மாதேசுவரன் மலைக் காடுகளுக்கு நடுவில் கோபிநத்தம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்வோரில் பெரும்பாலார் தமிழ் பேசுவோர். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கும்பினியார் கைக்கு வந்த கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவோடு சேர்க்கப்பட்டது. அத்தாலுகாவின் கிழக்கோரத்துக் காட்டூர்தான் கோபிநத்தம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கொள்ளேகால் முழுவதும் மைசூர் இராஜ்யத்துக்குச் சென்றது. அன்று காலையில் கோபிநத்தத்துப் பெண்கள் வழக்கம்போல் விறகுக்கும் தண்ணீருக்கும் போயிருப்பர். வீட்டை விட்டு ஓர் அடியும் எடுத்து வைக்காமல், மாலைக்குள் வேற்று மாநிலத்தவராயினர். பிறகு 1997-இல் மைசூர் ஜில்லாவும் பிரிக்கப்பட்டு, இவ்வூர் சாமராசநகர் ஜில்லாவுக்கு உரியதாயிற்று.

இவ்வூரை முன்னிறுத்தி இங்கே ஆராய எடுத்துக்கொண்ட பொருள், சென்ற ஒரு நூற்றாண்டுக் காலத்து மாதர் மாநாடுகளாகும். அம்மாநாடுகள் பெண்ணின் உரிமையைப் பற்றி ஏராளமாகப் பேசின. ஆனால் பெண்ணின் வாழ்வில் மிகப் பெரிய நிகழ்ச்சியாகிய மகப்பேற்றை அவை எப்படி எதிர்கொண்டன? பந்தலில் நிறைவேறிய தீர்மானம் மலையூர்த் தாயின் பாய்விரிப்பு வரையில் வந்து சேர்ந்ததா? சென்னை, மைசூர் என்னும் இரண்டு ஆட்சிகளின் எல்லையில் நின்ற கோபிநத்தம் இவ்வினாவுக்கு விடை தேட ஏற்ற இடம். ஏனெனில் மாதர் இயக்க வரலாற்றில் இவ்விரு ஆட்சிகளுமே முன்னணியில் நின்றவை.

சென்னையிலிருந்து தொடங்குவோம். 1917-ஆம் ஆண்டு மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. மார்கரெட் கசின்ஸ் அம்மையாரும், டாரதி ஜினராஜதாசாவும் அதனைத் தோற்றுவித்தவர்கள். அன்னி பெசண்டு அம்மையார் தலைவர். அவ்வாண்டு டிசம்பரில், இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி தேவியார் தலைமையில் ஒரு மாதர் தூதுக்குழு அவரைக் கண்டது. ஆடவரோடு சமமாக வாக்குரிமை வேண்டும் என்பதே அதன் தலையாய கோரிக்கை. ஆயினும் பெண் கல்வியோடு மகப்பேற்று வசதிகளையும் அக்குழுவினர் அப்போதே கேட்டனர் என்பது கருதத்தக்கது. வாக்குச் சீட்டு சீக்கிரமே வந்தது. 1921-இல் சென்னை ராஜதானி பெண்களுக்கு அதனை அளித்தது. சொத்து உடையார்க்கே வாக்கு என்ற காலமாதலால் அது மிகச் சிலருக்கே கிட்டியது. மருத்துவச்சியோ, அதற்குப் பின்னும் நெடுங்காலம் வரவில்லை.

இவ்வியக்கத்தின் நடுநாயகமாகத் திகழ்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். மேடையேறிய மாதர் பலர் மகப்பேற்றைத் தம் வீட்டளவில் மட்டுமே அறிந்திருந்த காலத்தில், இவர் அதனைத் தொழிலாகவும் அறிந்திருந்தார். குழந்தைப் பருவத்திலேயே மணமாகி, உடல் முதிராமலே கருவுற்று வந்த சிறுமியரின் துயரத்தை மருத்துவர்கள் கண்ணெதிரே கண்டனர். 1926-இன் இறுதியில் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அச்சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1928-இல் பெண்ணின் மணவயதை உயர்த்த வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார். அவ்வயதைக் குறித்து அவர் வாதாடியது சாத்திர விசாரத்துக்காக அன்று. பதின்மூன்று வயதுச் சிறுமியின் இடுப்பெலும்பு இன்னும் வளர்ந்து முடியவில்லை என்பது மருத்துவருக்குத் தெரியும். வேறு மேற்கோள் அதற்கு வேண்டியதில்லை.

1927-இல் புனாவில் தொடங்கிய அகில இந்திய மாதர் மாநாடும் இதே கோரிக்கையை ஆண்டுதோறும் எழுப்பியது. விளைவாக 1929-இல் சாரதா சட்டம் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று அது வயதை வரையறுத்தது. சட்டம் அமலாகுமுன் முடித்துவிட வேண்டும் என்று நாடெங்கும் பெற்றோர் அவசர அவசரமாகக் குழந்தை மணங்களை நடத்தினர் என்பதும் வரலாறே. மாநாட்டின் வெற்றி, அதனால் காக்கப்பட வேண்டிய சிறுமியர் பலரைச் சில மாதங்களுக்கு முன்னதாகவே மணவறையில் அமர்த்திவிட்டது. இதனை மாதர் இயக்கத்தின் குற்றம் என்று சொல்வது நியாயமாகாது. எனினும் சட்டம் ஒன்று ஊருக்குள் நுழையும்போது எந்த வேடத்தில் நுழைகிறது என்பதற்கு இஃது ஒரு சான்று.

கோபிநத்தம் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததாதலின் சாரதா சட்டம் அதற்கும் உரியது. மலைக்கு அப்பாலிருந்த மைசூர்ச் சமஸ்தானத்தில் அச்சட்டம் செல்லாது. ஆனால் அங்கே 1894-இலேயே எட்டு வயதுக்குட்பட்ட சிறுமியரின் மணத்தைத் தடுக்கும் சட்டம் இருந்தது. ஒரு நாள் நடை தொலைவில் இரு ஆட்சிகள், இரு சட்டங்கள், இரு வயதுகள். இரண்டையும் எடுத்துச் சொல்லக் காட்டூருக்கு வந்தவர் யார், மீறியவர் மீது வழக்குத் தொடுத்தவர் யார் என்று கேட்டால், சென்ற தலைமுறைக் காட்டூர்களை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.

இனி, உழைக்கும் தாயின் ஊதியத்தைப் பற்றிய பேச்சு. ஆலையில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பேறுகாலத்தில் ஓய்வும் உதவித்தொகையும் தர வேண்டும் என்பதை பம்பாய் 1929-இல் சட்டமாக்கியது. சென்னைச் சட்டம் 1934-இலும், மைசூர்ச் சட்டம் 1937-இலும் வந்தன. கோயமுத்தூரில் அப்போது பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துகொண்டிருந்தன. நூல் ஆலையில் இழை பிணைத்த பெண்ணுக்கு இச்சட்டம் பொருந்தும். அதே ஜில்லாவின் வடகோடியில், நிறைமாதத்திலும் கேழ்வரகுக் காட்டில் களையெடுத்தவளுக்கும், புளியும் விறகும் தலைச்சுமையாகக் கொண்டுவந்தவளுக்கும் பொருந்தாது. அவளுக்கு முதலாளியும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு அவள் உழைப்பாளியே அல்லள். ஆலைகளிலும் நடந்ததென்ன? உதவித்தொகை தர வேண்டியிருக்கிறதே என்று சில முதலாளிகள் மணமான பெண்களைச் சேர்க்கத் தயங்கினர் என்று பின்வந்த ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். இன்று 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் இவ்விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்திருக்கிறது. அலுவலகங்களில் பணிபுரியும் நம் பெண்மக்களுக்கு அது பெரும் பேறு. களையெடுப்பவளின் நிலையில் அச்சட்டத்தால் மாற்றம் ஏதும் இல்லை.

இவற்றையெல்லாம் விட மாநாடுகளை உலுக்கிய பொருள் ஒன்று உண்டு, அதுவே கர்ப்பத்தடை. அச்சொல்லை ஒரு பொது மேடையில் உச்சரிக்கவே கூசிய காலம் அது. அகில இந்திய மாதர் மாநாடு 1931 டிசம்பரில் சென்னையில் கூடியபோது, ராணி லட்சுமிபாய் ராஜவாடே இது பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்தடுத்த பிரசவத்தால் தாய்மார் உருக்குலைகின்றனர். ஆகவே மருத்துவப் பெண்மணிகள் கொண்ட குழு ஒன்று இதனை ஆராய வேண்டும் என்பது அவர் கருத்து. கடும் எதிர்ப்பு எழுந்தது. தீர்மானம் அங்கே நிறைவேறவில்லை. மறு ஆண்டு லட்சுமணபுரியில் நிறைவேறியது. எதிர்த்தவர்களுள் நம் முத்துலட்சுமி அம்மையாரும் ஒருவர் என்பது இன்றைய வாசகருக்குப் புதிராக இருக்கும். செயற்கை முறைகளைவிடப் புலனடக்கமே மேல் என்பது அவர் கொள்கை. காந்தியடிகளும் அதையே சொன்னார். 1935 டிசம்பரில் அமெரிக்க நாட்டு மார்கரெட் சாங்கர் அம்மையார் வார்தாவுக்கு வந்து அவரோடு நெடுநேரம் வாதாடினார். இருவரும் தத்தம் நிலையிலேயே நின்றனர். சாங்கர் அங்கிருந்து திருவனந்தபுரத்து மாதர் மாநாட்டுக்குச் சென்று பேசினார்.

முத்துலட்சுமி அம்மையாரின் நிலையை எளிதாகப் பழிப்பது முறையன்று. பெண்ணை ஆடவரின் போகப் பொருளாக ஆக்கும் வழக்கங்களை எதிர்த்து வாழ்நாள் முழுதும் போராடியவர் அவர். செயற்கைத் தடை ஆடவரின் கட்டற்ற வேட்கைக்கு வசதி செய்து கொடுத்துவிடுமோ என்று அவர் அஞ்சியதில் காரணம் இருந்தது. ஆயினும் புலனடக்கம் என்பது கணவனும் சேர்ந்து கடைப்பிடிக்க வேண்டிய ஒன்று. அவனை அதற்கு இசைவிக்கும் வலிமை எத்தனை மனைவியர்க்கு இருந்தது? இந்த இடத்தில் அவருடைய மருத்துவ அறிவைக் காட்டிலும் அவர் காலத்து ஒழுக்கக் கொள்கையே மேலோங்கி நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டிலேயே மற்றொரு மேடையில் இதே பொருள் வேறு விதமாகப் பேசப்பட்டது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமை, மணவிலக்கு உரிமை முதலியவற்றைத் தீர்மானமாக்கியது. கர்ப்பத்தடையைப் பற்றி ஈ. வெ. இராமசாமி எழுதும்போது, பிறர் தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் அதனை வேண்டுகின்றனர் என்றும், தாம் பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டுவதாகவும் வேறுபடுத்திக் காட்டினார். 1938 நவம்பர் 13-ஆம் நாள் சென்னையில், மறைமலையடிகளாரின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. அவருக்குப் 'பெரியார்' என்னும் பட்டம் வழங்கப்பட்டது அம்மாநாட்டிலேதான். அதற்கு மறுநாள் தொடங்கி இந்தித் திணிப்பு எதிர்ப்பு மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்ற பெண்களுள் சிலர் கைக்குழந்தைகளோடு சென்றனர். வீரத்தின் அடையாளம் என்று அதனைப் பலரும் புகழ்ந்தனர், வீரமே, ஐயமில்லை. ஆனால் பால்குடி மறவாத குழந்தையை வீட்டில் விட ஆளில்லாத தாய் வேறு என்ன செய்வாள்? பொதுவாழ்வில் இறங்கும் பெண் தன் தாய்மையைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வர இயலாது என்பதை அச்சிறைக்கூடம் போல வேறெந்தத் தீர்மானமும் காட்டவில்லை.

இந்த வாதங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே, மைசூர் பேசாமல் ஒன்றைச் செய்து முடித்தது. 1930 ஜூன் மாதத்தில், திவான் மிர்ஸா இஸ்மாயில் காலத்தில், சமஸ்தான மருத்துவமனைகளில் கர்ப்பத்தடை ஆலோசனை நிலையங்கள் திறக்க அரசாணை பிறந்தது. ஓர் அரசாங்கமே இத்தகைய நிலையங்களை ஏற்படுத்தியது உலகிலேயே அதுவே முதன்முறை என்பர். சென்னையில் மாநாடு 1931-இல் தீர்மானத்தைத் தோற்கடித்தபோது, மைசூர் நிலையங்கள் பிறந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. ஆனால் அவை பெங்களூர், மைசூர் போன்ற நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் இருந்தன. கோபிநத்தமோ அப்போது மைசூரைச் சேர்ந்ததே அன்று. சேர்ந்திருந்தாலும் ஒரு மலைத்தொடரையும் ஒரு பெருங்காட்டையும் கடந்து எந்தத் தாய் அங்கே போயிருப்பாள்?

அக்காலத்தில் இத்தகைய ஊர்களில் பிள்ளைப்பேறு நடந்த விதத்தைப் பெரியவர்கள் அறிவர். மகப்பேற்று மருத்துவத்தில் சென்னை நகரத்துக்குக் குறைவில்லை. எழும்பூர் மகப்பேற்று மருத்துவமனை 1844-லேயே தோன்றியது. கோஷா மருத்துவமனை 1885-இல் வந்தது. நகருக்கு அப்பால் எல்லாம் மருத்துவச்சியின் கைதான். அனுபவத்தால் வந்த நுட்பம் அக்கைகளில் இருந்தது. குறுக்கே கிடக்கும் குழந்தையை வயிற்றின் மேலிருந்தே நீவித் திருப்பும் கிழவிகள் இருந்தனர். ஆனால் கொப்பூழ்க் கொடியை அரிவாள் நுனியாலோ மூங்கிற் சிம்பாலோ அறுத்துச் சாம்பலை வைத்துக் கட்டிய வழக்கமும் இருந்தது. பிறந்த ஏழெட்டு நாளில் குழந்தைக்கு இழுப்புக் கண்டால், பேய் பிடித்தது என்றோ திருஷ்டி என்றோ சொன்னார்கள். உண்மையில் அஃது அரிவாளில் ஒட்டியிருந்த நுண்கிருமியால் விளைந்த வில்வாத நோய். தாய்க்கும் சேய்க்கும் நேரும் இந்நோய் இந்தியாவில் அகன்றுவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் உறுதி கூறியது 2015-இலேதான்.

1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 2 லட்சம் தாய்மார் பிள்ளைப்பேற்றை ஒட்டி இறப்பதாகக் கணக்கிட்டது. 1937-இல் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 162 ஓராண்டு நிறையுமுன் மாண்டன என்றும் காட்டியது. ஆறு குழந்தைகளில் ஒன்று. அக்காலத்து மாநாட்டு அறிக்கைகளின் அழகிய ஆங்கிலத்தை வாசிக்கும்போது, இந்தக் கணக்கை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

சாமானியத் தாய்மார் மாநாட்டுக்கு ஏன் வரவில்லை? வர விருப்பமில்லை என்பதா? இரயில் ஏறி நான்கு நாள் வெளியூரில் தங்கி விவாதிக்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா இருக்க வேண்டும்; அடுப்பைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும். மகாராணியாருக்கும் மருத்துவருக்கும் அது இயலும். தாய்மையைப் பற்றி முடிவு செய்த அவையில், தாய்மையின் சுமை முழுவதையும் தாங்கியவர்கள் அமர்ந்திருக்கவில்லை. அதன் பலனை அம்முடிவுகளில் காண்கிறோம். மணவயது, வாக்கு, சொத்து என்பவை விரைவிலே பேசப்பட்டன. மருத்துவச்சி, மாட்டுவண்டி, வெந்நீர், துணி என்பவை நெடுங்காலம் கழித்தே பேச்சுக்கு வந்தன.

இங்கே வானொலியைப் பற்றி ஒரு சொல். மைசூர்ப் பேராசிரியர் கோபாலசாமி 1935 செப்டம்பரில் தம் இல்லத்திலேயே ஒலிபரப்பைத் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்னும் பெயர் அந்நிலையத்தோடு வந்தது. சென்னை நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும் பேசத் தொடங்கின. பிள்ளைக்குப் பால் புகட்டிக்கொண்டே கேட்கக்கூடிய மாதர் கூட்டம் ஒன்று அதனால் உண்டாயிற்று. ஆயினும் ஊர்ச் சாவடியில் வைத்த பொதுப்பெட்டியின் முன் ஆடவரே அமர்வர். டிரான்சிஸ்டர் அடுப்படிக்கு வந்து சேரும்வரை மாதர் நிகழ்ச்சி மாதரை எட்டுவது அரிதாகவே இருந்தது. எங்கள் துறையைப் பற்றியதென்பதால் இதனை மறைத்தல் ஆகாது.

தாய்மையின் நடைமுறையை முதலாகக் கொண்டு வேலை செய்தவர்கள் கஸ்தூரிபா அறநிலையத்தார். 1944-இல் கஸ்தூரிபா அம்மையார் சிறையில் உயிர் நீத்தபின் திரட்டிய நிதியைக் கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே செலவிட வேண்டும் என்று காந்தியடிகள் விரும்பினார். கிராம சேவிகைகளும் தாதியரும் அதன் மூலம் பயிற்சி பெற்றனர். திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டியில், டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம் அவ்வழியில் வந்ததாகும். அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனை ஒரு சிறு மகப்பேற்று விடுதியாகத் தொடங்கி வளர்ந்தது. மாநாட்டு மேடையில் அதிகம் காணப்படாத இவ்வேலைதான் மலையூர்த் தாய்க்கு மிக நெருங்கி வந்த வேலை என்பேன்.

விடுதலைக்குப்பின் அரசாங்கமே இப்பணியை மேற்கொண்டது. 1952-இல் குடும்ப நலத் திட்டம் தொடங்கிற்று. எந்தக் கர்ப்பத்தடைக்காக மாதர் 1931-இல் நாணத்தோடு வாதாடினரோ, அது பின்னர் இலக்கும் முகாமுமாகக் கிராமங்களுக்குள் வந்தது. பெண்ணின் விருப்பம் என்ற பேச்சு பின்தள்ளப்பட்டது. 2019–21-ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மணமான பெண்களில் நூற்றுக்கு 57-க்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். அறுவை செய்துகொண்ட ஆடவரோ, நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. புலனடக்கத்தில் கணவனின் பங்கை எதிர்பார்த்த முத்துலட்சுமி அம்மையார் இக்கணக்கைக் கண்டால் என்ன சொல்வாரோ!

கோபிநத்தத்துக்கு வருவோம். 1956-க்குப் பின் இவ்வூர்த் தாயின் காகிதங்கள் கன்னடத்துக்கு மாறின. பேச்சில் பெருந்துன்பம் இல்லை. எல்லைப்புறத்தார் இரு மொழியையும் கலந்தே பேசுவர். பிறகு வந்தது இவ்வூரின் இருண்ட காலம். சந்தனமும் தந்தமும் கடத்திய வீரப்பன் பிறந்த ஊர் இஃது என்பதனாலேயே நாடு இதனை அறியும். அவனைப் பிடிக்க வந்த வன அதிகாரி பி. சீனிவாஸ், ஊராரை அச்சுறுத்துவதைவிட அவர்களுக்கு உதவுவதே வழி என்று கண்டு, வீடு, குடிநீர், மருத்துவ உதவி ஆகியவற்றுக்கு முயன்றார். மாரியம்மன் கோயிலும் கட்டுவித்தார். 1991 நவம்பர் 10-ஆம் நாள் அவர் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார். தொடர்ந்த தேடுதல் வேட்டையில் எல்லையின் இரு புறத்துச் சிற்றூர்களும் துன்புற்றன. தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவின் முன் பெண்கள் பலர் வந்து, தமக்கு நேர்ந்தவற்றைத் தம் வாயாலேயே கூறினர். ஆணையம் 2007-இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் பரிந்துரைத்தது. பந்தலும் மாலையும் தலைமையுரையும் இல்லாத அவ்விசாரணையையும் பெண்கள் கூடிப் பேசிய அவைகளின் வரிசையில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பேசினவர்கள் தாமே நேரில் துன்புற்றவர்கள். அதற்கு முந்திய மாநாடுகளில் அது மிக அரிது.

ஊராட்சிகளில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு அளிப்பதிலும் கர்நாடகம் முந்திக்கொண்டது. அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தத்துக்கு முன்பே, 1987 தேர்தலில் நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கு என்று அங்கே தேர்தல் நடந்தது. இரு மாநிலத்திலும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பெருகின. இக்கூட்டங்களுக்கும் பழைய மாநாடுகளுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. இவை ஊரிலேயே கூடுகின்றன. மடியில் குழந்தையோடு வரலாம். பேச்சு நடுவே எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம்.

கணக்கும் மாறிவிட்டது. 2018–20-ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தமிழ்நாட்டில் 54 தாய்மாரும் கர்நாடகத்தில் 69 தாய்மாரும் இறந்தனர். இந்தியா முழுமைக்கும் 97. போர் குழு காலத்து நிலையோடு ஒப்பிட்டால் மலைக்கத்தக்க மாற்றம். இவ்வேற்றத்தாழ்வில் காட்டூர்களின் பங்கு எவ்வளவு என்பதை மாநில சராசரி காட்டாது.

வெளி மாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பம்பாயிலிருந்தோ தில்லியிலிருந்தோ இரயிலேற்றிவிடுகிறோம். பெண்ணுக்கு அச்சம் குறைவதற்கும், கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு கை இருப்பதற்கும், இரவில் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு மடி இருப்பதற்கும் முன்னோர் கண்ட ஏற்பாடு அது. எந்த மாநாடும் தீர்மானம் போடாமல் பெண்களே நடத்திவந்த பேறுகால விடுப்பு என்றும் அதனைச் சொல்லலாம். ஆனால் அரசாங்கத்தின் ஏடுகள் தாயைக் கணவன் வீட்டு விலாசத்தில் தேடுகின்றன; அவளோ தாய்வீட்டில் இருக்கிறாள்.

கோபிநத்தத்தில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. காவிரியின் இரு கரையிலும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவினர் இருக்கின்றனர். தமிழ்நாட்டுத் தாய்க்கு, 'டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம்' என்ற பெயரிலேயே ஓர் உதவி உண்டு; 1980-களின் இறுதியில் 300 ரூபாயாகத் தொடங்கியது, 2018 முதல் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பொருளுமாக 18,000 ரூபாய் மதிப்புடையதாயிற்று. கர்நாடகத்தில் தாயின் கையில் 'தாயி' அட்டை. 2017 அக்டோபர் முதல், 'மாத்ருபூர்ணா' திட்டத்தின் கீழ்க் கருவுற்றவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் அங்கன்வாடியிலே நண்பகல் உணவு. இரண்டும் நல்ல திட்டங்களே. ஒன்றின் அட்டை மற்றொன்றின் மேசையில் எளிதாகச் செல்வதில்லை. மேட்டூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட கோபிநத்தத்துப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தால், தவணை அங்கே நிற்கிறது. அவள் இங்கே இருக்கிறாள். இவ்வூரிலிருந்து பார்த்தால் மேட்டூர் கிட்டத்தில். ஏட்டின்படி போக வேண்டிய கொள்ளேகாலோ மலையைத் தாண்டி வெகு தொலைவில். இடுப்புவலி கண்ட இரவில் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவது என்பதை வீட்டில் உள்ள மூத்த பெண்மணியே முடிவு செய்கிறாள்.